முதலாளிக்குத் தாலி

"முதலாளியின் கழுத்தில் தாலி கட்ட, சிவப்புப் பொத்தானை மூன்று முறை அமுக்கவும்."

ரெங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். எழுத்து மாறவில்லை.

திரையில், கிள்ளான் துறைமுகத்து மூட்டைகளுக்கு நடுவே, அடிவாங்கிக் களைத்த வில்லன் லோரி லோகநாதன் மண்டியிட்டுத் தலைகுனிந்து, மணமேடையில் உட்கார்ந்திருப்பவனைப் போலவே காத்திருந்தான். எதிரே, கையில் கயிற்றுடன் கதாநாயகன் சுருக்கு சுந்தரம்.

ரெங்கசாமி மூன்று முறை அமுக்கினார். சுந்தரம் லோகநாதனைச் சுற்றிச் சுற்றி வந்து கட்டினான். மேலே தங்க நிறத்தில் எழுத்து வந்தது.

"தாலி கட்டியாயிற்று. அடுத்த முதலாளியைத் தேடிச் செல்லவும்."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால் மணி. மூன்று மணிக்கு வேலாயுதம் வருகிறார். ரெங்கசாமிக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டின் மாடியில் இருந்த அந்த ஏர்கான் அறைக்குள் வியர்த்தது.

சுருக்கு சுந்தரம் யாரென்று கிள்ளானில் ஐம்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எண்பதுகளில் புத்தகம் புத்தகமாக வந்த சித்திரக்கதையின் நாயகன். துறைமுகத்தில் மூட்டை கட்டுகிறவன். துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது, தோளில் ஒரு கயிறு மட்டும். கெட்டவனைச் சுருக்குப் போட்டு இழுத்து விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டு, போலீஸ் வருமுன் போய்விடுவான். கடைசிப் பக்கத்தில், துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருக்கும் நத்தாலி, பஸ் நிறுத்தத்தில் நின்று அவனை ஆசையாகப் பார்ப்பாள். "எனக்குக் கல்யாணம் இந்தக் கயிற்றோடுதான்" என்று சொல்லிவிட்டு அவன் நடந்துவிடுவான். மொத்தம் நூற்று நாற்பது புத்தகம். நூற்று நாற்பது முறையும் நத்தாலி பஸ் ஏறித்தான் வீட்டுக்குப் போனாள்.

அந்தச் சுந்தரத்தைத்தான் ராசிக்கின் சின்னக் கம்பெனி வீடியோ கேமாக மாற்றியிருந்தது. பழைய பாணி ஆட்டம். இடமிருந்து வலமாக நடக்க வேண்டும், எதிரே வருகிறவனை எல்லாம் அடிக்க வேண்டும், ஒவ்வொரு லெவல் முடிவிலும் ஒரு பெரிய வில்லனைச் சாய்த்துக் கட்டிப்போட வேண்டும். அதற்கென்றே ஆளுயரப் பெட்டி ஒன்று செய்து, கம்பிப் பிடியும் இரண்டு பெரிய பொத்தானும் வைத்து, ஆபீஸ் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் கண்காட்சியில் வெளியீடு. சுந்தரத்தைப் படைத்த வேலாயுதத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அதுதான் பயம். அவரிடமிருந்து வந்த கடிதம் நோட்டீஸ் போர்டில் குத்தியிருந்தது. முத்து முத்தான எழுத்து, ஒரு சந்திப்பிழை கிடையாது. 'சுந்தரம் பேசும் சொல்லிலோ சுந்தரத்தைப் பற்றிய சொல்லிலோ ஒன்று பிறழ்ந்தாலும் என் கையெழுத்துக் கிடைக்காது' என்றது கடிதம். போன வருடம் இதே ஆட்டத்தைச் செய்ய வந்த வேறொரு குழுவை அப்படித்தான் திருப்பி அனுப்பினாராம். அவர்கள் சுந்தரத்தை "ஹாய்" சொல்ல வைத்திருந்தார்கள். இங்கே சுந்தரம் லோரி டிரைவருக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தான்.

ரெங்கசாமிக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருடம் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்தினார். பத்திரிகை நின்றுபோனது. எட்டு மாதம் காஜாங் வீட்டில் உட்கார்ந்து, மனைவி வாணியின் பாசார் காய்கறிப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். "கத்தரிக்காயில் ஒற்று விட்டுப்போச்சு" என்று அவர் சொன்ன அன்று, எங்கேயாவது போய் வேலை தேடுங்கள் என்று வாணி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். ராசிக்தான் ஆறு மாதத் தற்காலிக வேலை கொடுத்தான். அந்த ஆறு மாதம் இன்றோடு முடிகிறது.

"சைன் வாங்கிட்டா உங்க கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டிராயர்ல ரெடியா இருக்குண்ணே. வாங்கலைன்னா கம்பெனியே இருக்காது, அப்புறம் லெட்டர் எங்கேர்ந்து வரும்" என்று காலையில்தான் சொல்லியிருந்தான்.

மேசையில் போன் ஒளிர்ந்தது. வாணி. 'லெட்டர் வந்துச்சா? தாமன்ல அக்கம்பக்கம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.'

தப்பு எங்கே நடந்தது என்று ரெங்கசாமிக்கு உடனே புரிந்தது. ஆட்டத்தில் இரண்டு வகை எழுத்து உண்டு. ஒன்று, கதை வசனம். அதைப் புத்தகத்தைப் பார்த்து அவரே தமிழில் அடித்தார். இன்னொன்று, எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்கிற குறிப்புகள். அவற்றை எழுதியவன் புரோகிராமர் தனேஷ். தனேஷ் தமிழ் நன்றாகப் பேசுவான். எழுதுவது மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரி, ஆங்கில எழுத்தில், பாதி மலாய் கலந்து. கயிறு என்ற சொல் அவன் வாயில் வராது. மலாய்க்காரர் கயிற்றுக்குச் சொல்கிற டி, ஏ, எல், ஐ என்ற நான்கெழுத்துதான் வரும். அதற்குப் பக்கத்தில் 'கட்டு' என்று போட்டுவிடுவான். முன்னூற்றுப் பதினெட்டு வரி இப்படி.

ஒவ்வொன்றாக உட்கார்ந்து அடிக்கச் சோம்பல்பட்டு, ஆங்கில எழுத்தைத் தமிழெழுத்தாக மாற்றும் மென்பொருளில் ரெங்கசாமி மொத்தத்தையும் கொட்டினார். அதற்கு மலாய் தெரியாது. மலாய்க்காரரின் மூட்டைக் கயிறு தமிழ்ப் பெண்ணின் கழுத்துக்கு ஏறிவிட்டது. பெரிய வில்லனைத் தனேஷ் 'பாஸ்' என்று எழுதியிருந்த இடங்களை மட்டும் ரெங்கசாமி தாமே பார்த்து, நல்ல தமிழில் 'முதலாளி' என்று மாற்றியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆட்டத்தின் முதல் திரையில் பெரிதாக ஒரு வரி இருந்தது. 'பிழை பார்த்தவர்: ரெங்கசாமி.'

அவர் தனேஷை அழைத்தார். தனேஷ் லீவில் இருந்தான். மறுமுனையில் நாதஸ்வரம் கேட்டது.

"தனேஷ், ஓர் அவசரம்பா. தாலியை எப்படி நிறுத்துறது?"

ரவாங்கில் தன் நிச்சயதார்த்த மேடையில் உட்கார்ந்திருந்த தனேஷ் கிசுகிசுத்தான். "அண்ணே, இன்னிக்கு மோதிரம் மட்டும்தான். தாலி டிசம்பர்ல. ஏன், பொண்ணு வீட்டுல உங்ககிட்ட ஏதாவது பேசுனாங்களா?"

"உன் தாலி இல்லப்பா. சுந்தரம் கட்டுற தாலி."

"அது சரியாதானே இருக்கு. தாலின்னுதானே எழுதினேன்."

"அது தாலியாயிடுச்சு."

"தாலி தாலியாதான் லா ஆகும், அண்ணே."

இடையில் ஒரு பெண்மணியின் குரல், மாப்பிள்ளை ஏன் போனில் தாலி தாலி என்கிறார் என்று யாரிடமோ விசாரித்தது. தனேஷ் குரலை இன்னும் தாழ்த்தி, எழுத்துக் கோப்பு எங்கே இருக்கிறதென்று சொன்னான். அதைத் திறந்து, தேடு-மாற்று போட்டால் ஒரு நிமிட வேலை என்றான். அதற்குள் யாரோ அவனைச் சந்தனம் பூசிக்கொள்ள அழைக்க, இணைப்பு அறுந்தது.

ஒரு நிமிட வேலைதான். 'தாலி' என்று வரும் இடமெல்லாம் 'கயிறு' என்று மாற்றச் சொன்னார் ரெங்கசாமி. நானூற்றுப் பதினோர் இடம் மாறியது என்றது கம்ப்யூட்டர். முன்னூற்றுப் பதினெட்டு வரிக்கு நானூற்றுப் பதினோர் இடம் எப்படி என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்க விடாமல் ராசிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். தொழுகைக்குக் கிளம்பத் தயாராகத் தலையில் தொப்பி.

"எல்லாம் ஓகேவாண்ணே?"

"ஓகே பாஸ்."

"நான் ரெண்டு மணிக்கு வந்துருவேன். அவரு வர்றதே மூணுக்குத்தானே."

அவன் போனதும் ரெங்கசாமி ஆட்டத்தை ஓடவிட்டார். பொத்தான் குறிப்பில் தாலி இல்லை. பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முடியுமுன் கதாநாயகி திரைக்கு ஓடி வந்தாள். அவள் தலைக்கு மேல் பெயர் வந்தது.

'நத்கயிறு.'

ரெங்கசாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நத்தாலிக்குள் ஒரு தாலி இருப்பது இருபத்திரண்டு வருடப் பிழை திருத்துநரின் கண்ணில் இதுவரை பட்டதில்லை. கதையின் கடைசி வில்லன், காலில் வெளிநாட்டுச் சப்பாத்து போட்டுக்கொண்டு அலட்டுகிறவன், பெயர் இத்தாலி இன்பநாதன். அவன் இப்போது இத்கயிறு இன்பநாதன். "நத்கயிறு, நீ என் கையில் சிக்கிவிட்டாய்" என்று கொக்கரித்தான். இதற்கு நடுவில் 'கயிறுயை எடுக்கவும்', 'கயிறுயால் அடிக்கவும்' என்று வேறு. தாலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. 'கயிறுயை' அவர் நெஞ்சை அடைத்தது.

சரி, பழையபடி ஆக்கிவிட்டு, பொத்தான் குறிப்புகளை மட்டும் கையால் மாற்றலாம் என்று முடிவு செய்தார். 'கயிறு' என்று வரும் இடமெல்லாம் 'தாலி' என்று மாற்றினார்.

நத்தாலி நத்தாலி ஆனாள். இன்பநாதன் இத்தாலிக்குத் திரும்பினான். ஆனால் புத்தகத்தைப் பார்த்து அவர் பிழையில்லாமல் அடித்திருந்த வசனங்களில் உண்மையான கயிறுகள் இருந்தன. அவையும் கூடவே போய்விட்டன.

"அசையாதே, இன்பநாதா. என் தாலி உன் கழுத்தைத் தேடி வருகிறது" என்றான் சுந்தரம்.

அடுத்த காட்சியில், "இதுவரை நூறு பேரைக் கட்டிய தாலி இது" என்று பெருமைப்பட்டான்.

தப்பிப் பிழைத்தது ஒரே வரிதான். 'எனக்குக் கல்யாணம் இந்தக் கயிற்றோடுதான்.' அதில் றகரம் இரட்டித்திருந்ததால் மாற்றத்தில் சிக்கவில்லை. ரெங்கசாமி இலக்கணத்துக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

மணி ஒன்று. அறுநூறு வரியைக் கையால் திருத்த நேரமில்லை. எழுத்தையே மறைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தனேஷுக்குச் செய்தி அனுப்பினார். மெனுவில் எழுத்தின் அளவு ஒன்றிலிருந்து பத்து வரை இருக்கும், ஒன்றில் வைத்தால் எறும்பு மாதிரிதான் தெரியும் என்று பதில் வந்தது.

ரெங்கசாமி கம்பியைக் கீழே இழுத்து இழுத்து ஒன்றுக்குக் கொண்டுவந்தார். எறும்புகூட அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்னும் ஒரு தடவை கீழே இழுத்தார். பழைய பாணி ஆட்டத்தின் மெனுவும் பழைய பாணி. ஒன்றுக்குக் கீழே போனால் சுற்றிக்கொண்டு பத்துக்கு வந்துவிடும். அதை அவர் அறியவில்லை. வந்த வேகத்தில் அவர் கை சிவப்புப் பொத்தானில் பட்டது. 'சேமிக்கப்பட்டது' என்று உள்ளங்கை அகல எழுத்தில் செய்தி வந்தது. மீண்டும் மெனுவுக்குள் போகக் கடவுச்சொல் கேட்டது.

தனேஷை அழைத்தார். எடுத்தது அந்தப் பெண்மணி.

"மாப்பிள்ளை மோதிரம் மாத்திக்கிட்டிருக்காரு. நீங்கதான் தாலி அங்கிளா? போன் இனிமே என்கிட்டதான் இருக்கும்."

இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். சுந்தரத்துக்குக் குரல் கொடுத்தவன் ராசிக். சண்டைக்கு நடுவே கத்துவதற்கென்று தனேஷ் எழுதிய தாளைப் பார்த்து அப்படியே பேசியிருந்தான். எழுத்து போதாதென்று குரலும் தாலி என்று முழங்க வேண்டாம். ரெங்கசாமி குனிந்து, பெட்டிக்குப் பின்னால் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினார்.

நிமிர்ந்தபோது வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"கொமுட்டர் எப்பவும் லேட்டாதானே வரும்னு நாலு ரயிலுக்கு முன்னாடியே ஏறிட்டோம். அது இன்னிக்குன்னு பார்த்து நேரத்துக்கு வந்துடுச்சு" என்றார் வந்தவர்களில் ஒருவர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட சட்டை, பையில் நான்கு பேனா, சுந்தரத்தின் மீசையை வெள்ளையாக்கி ஒட்டினது போன்ற மீசை. வேலாயுதம்.

பின்னால் அவர் மனைவி சீதாலெட்சுமி, துணிப்பையில் ஓமப்பொடி டப்பாவுடன். செருப்பைக் கழற்றப் போன அந்த அம்மாள், சுவரில் ஒட்டியிருந்த 'காலணிகளைக் கழட்டவும்' என்ற தாளைப் பார்த்து நின்றார்.

"கழற்றவும்னு வரணும், தம்பி. றகரம்."

அது ராசிக் ஒட்டியது. வேறு நாளாக இருந்தால் ரெங்கசாமியே பாராட்டியிருப்பார். இன்று, சரிங்கம்மா என்று மட்டும் சொல்லி, கோப்பி வரவழைத்து, அந்த அம்மாளை மூலையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். அவருடைய கவலையெல்லாம் மீசைக்காரர் மேல்.

வேலாயுதம் பெட்டி முன் நின்று பிடியைப் பிடித்தார். சுந்தரம் திரையில் தோன்றியதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது.

"மீசை வலது பக்கம் ஒரு புள்ளி தூக்கியிருக்கு."

ரெங்கசாமி திரையில் மூக்கு முட்டும் அளவுக்குப் போய்ப் பார்த்தார். இரு பக்கமும் ஒன்றாகத்தான் தெரிந்தது. போனில் படமெடுத்து, பெரிதாக்கி, எண்ணிப் பார்த்தார். உண்மைதான், ஒரே ஒரு புள்ளி. ஒரு புள்ளியைப் பிடிக்கிற கண்ணுக்கு, உள்ளங்கை அகலத்தில் ஒரு தாலி தெரியாதா?

லோரி லோகநாதன் விழுந்தான். திரையில் பாதியை மறைத்துக்கொண்டு வந்தது அந்த வரி. முதலாளியின் கழுத்தில் தாலி கட்ட.

ரெங்கசாமி திரைக்கும் அவருக்கும் நடுவில் பாதி உடம்பை நுழைத்தார்.

"ஐயா, இந்த எழுத்தெல்லாம் இன்னும் முடியல. சும்மா இடத்துக்குப் போட்டு வச்சது. நானே வாசிச்சுக் காட்டிடுறேன்."

மறுப்பார் என்று எதிர்பார்த்தார். வேலாயுதம் உடனே தலையசைத்தார். "வாசிங்க. அதுதான் வசதி. நான் சண்டையைப் பார்க்குறேன்."

"கெட்டவனைக் கயிற்றால் கட்ட, சிவப்புப் பொத்தானை மூன்று முறை அமுக்கவும்" என்று திரையில் இல்லாததை ரெங்கசாமி கணீரென்று வாசித்தார்.

மூலையிலிருந்து இருமல் கேட்டது. சீதாலெட்சுமி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார். கோப்பி புரையேறிவிட்டது போலிருக்கிறது என்று ரெங்கசாமி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வேண்டாமென்று கையை ஆட்டினார்.

இரண்டாவது லெவல், ரவாங் ஈயக்குட்டை. வில்லன் பல்லி பரமசிவம். "என் தாலி விட்டுவைத்தவன் யாருமில்லை, பரமசிவம்" என்றது திரை. "என் கயிறு விட்டுவைத்தவன் யாருமில்லை, பரமசிவம்" என்றார் ரெங்கசாமி. இருமல் வலுத்தது. மூன்றாவது லெவலில் இருமல் மூச்சுத்திணறலாகவே ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஆஸ்துமாவா என்று கேட்டார். அப்பப்ப வரும் என்றார் வேலாயுதம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதுதான் ரெங்கசாமிக்குப் புரியவில்லை. அவர் கண்ணை எடுக்கவே இல்லை. எதிரே ஒவ்வொரு தாலியும் ஓர் அடி நீளத்தில் வந்து போகிறது. மனிதர் மூச்சு விடவில்லை. கடைசியில் மொத்தமாக வைத்து வாங்கப்போகிறார் என்று முடிவுக்கு வந்தார்.

கதவு திறந்தது. தொழுகை முடித்து வந்த ராசிக், விருந்தாளிகளைப் பார்த்துப் புன்னகைக்க ஆரம்பித்தான். திரையைப் பார்த்ததும் பாதிப் புன்னகை அப்படியே நின்றது. எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"முதலாளி தயார். தாலி கட்டவும்." ரெங்கசாமியின் முழங்கையைப் பிடித்தான். "அண்ணே, எந்த முதலாளி?"

ரெங்கசாமி அவனைப் பேன்ட்ரிக்குள் இழுத்துப்போய் நான்கு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னார். ராசிக் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான்.

"அவரு பார்த்துட்டாரா?"

"பார்த்துக்கிட்டேதான் இருக்காரு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"மீசையில ஒரு புள்ளி ஜாஸ்தின்னு சொன்னாரு."

ராசிக் தன் மேசை டிராயரை ஒரு பார்வை பார்த்தான். ரெங்கசாமியும் பார்த்தார். அந்தக் கடிதம் அங்கே உள்ளேதான் இருந்தது.

அவர்கள் வெளியே வந்தபோது கடைசி லெவல். இத்தாலி இன்பநாதன் தன் பளபளக்கும் சப்பாத்துடன் விழுந்து கிடந்தான். வேலாயுதம் சட்டென்று விளையாட்டை நிறுத்தினார்.

"சத்தம் எங்க? இவ்வளவு அடி விழுது, ஒரு சத்தம் கேட்கல."

அது ரிப்பேர் என்று ரெங்கசாமி சொல்லுமுன் அந்தக் கூரான கண், பெட்டிக்குப் பின்னால் தொங்கிய ஒயரைக் கண்டுபிடித்தது. துறைமுகத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்த கை அதை எடுத்துச் சொருகியது. ஒலிபெருக்கியில் ராசிக்கின் குரல் ஆபீஸ் அதிர முழங்கியது.

"வாடா இன்பநாதா. இந்தா, உனக்குத் தாலி கட்டுறேன்."

கீழே வாழையிலைக் கடையில் யாரோ ரசம் கேட்டதுகூடத் தெளிவாகக் கேட்டது. வேலாயுதம் மெதுவாகத் திரும்பினார்.

"இது யாரு குரல்?"

ராசிக் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினான்.

"தாலின்னா சொன்னீங்க?"

"ஆமாங்க, ஐயா. மன்னிச்சுக்கணும்…"

"எதுக்கு மன்னிப்பு? போர்ட்ல நாங்க அப்படித்தான் பேசுவோம். மூட்டை கட்டுறவன் எவன் கயிறுங்கிறான், தாலிதான். புத்தகத்துல எல்லாம் சுத்தத் தமிழா வந்துச்சு, எனக்கு அதுல ஒரு குறை. இப்பதான் என் சுந்தரம் வாயைத் திறந்து பேசுறான்."

அவர் திரும்பி, மூன்று முறை பொத்தானை அமுக்கினார். இன்பநாதன் கட்டுப்பட்டான். பட்டாசு வெடித்தது. உள்ளங்கை அகல எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"வாழ்த்துகள். எல்லா முதலாளிகளுக்கும் தாலி கட்டிவிட்டீர்கள்."

ரெங்கசாமி இதை வாசித்துக் காட்டவில்லை. வேலாயுதமும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மேசையில் இருந்த ஒப்பந்தத்தைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் இரண்டு கோட்டில் ஒரு மீசையும் ஒரு வட்டக் கயிறும் வரைந்தார். அதுதான் அவர் கையெழுத்து. அடையாள அட்டையிலும் அதேதான் என்று காட்டினார். மீசையில் அந்த ஒரு புள்ளியை மட்டும் சரிசெய்துவிடச் சொன்னார்.

ராசிக் அவரை நோக்கிக் கையைக் கூப்பினான். பிறகு டிராயரைத் திறந்து, உறையை எடுத்து, ரெங்கசாமியின் கையில் வைத்தான். "இன்னிக்கே உட்கார்ந்து எல்லாத் தாலியையும் அறுத்துருங்கண்ணே" என்றான் காதோடு. சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. வாய்மேல் ஒரு தட்டு தட்டிக்கொண்டு, வேலாயுதத்தைச் சாப்பிட அழைத்துக்கொண்டு படியிறங்கினான்.

ரெங்கசாமி போனை எடுத்தார். 'வந்துடுச்சு' என்று வாணிக்கு அடித்தார். அனுப்புமுன் ஒற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

வாசலில் சீதாலெட்சுமி இன்னும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தலைப்பு நனைந்திருந்தது. பாவமாக இருந்தது.

"அம்மா, அந்த இருமலை நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

"காட்டுறேன், தம்பி." அவர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரே ஒரு திருத்தம். அமுக்கவும் வேணாம், அழுத்தவும்னு போடுங்க. தாலியில கை வைக்காதீங்க. அந்தச் சுந்தரம் பயலுக்கு ஒரு கல்யாணமாவது பண்ணிப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

ரெங்கசாமியின் கையிலிருந்த உறை நழுவிப் படியில் விழுந்தது.

"அம்மா, நீங்க எல்லாத்தையும்… அது எப்படிங்க, நாளைக்கு ஐயா படிச்சுட்டா?"

"அவரு எங்கே படிக்கிறது?" என்று கேட்டபடி சீதாலெட்சுமி இறங்கினார். "அவருக்குப் படம் மட்டும்தான் வரும், தமிழ்ல ஓர் எழுத்து தெரியாது, நூத்தி நாப்பது புத்தகத்து வசனமும், உங்க போர்டுல குத்தி வச்சிருக்கிற லெட்டரும் நான் எழுதினது."